கிணற்றைக் கேட்டுவிட்டு மீன் வாங்குங்கள்

எழுவான்கரை, படுவான்கரை என்று மட்டக்களப்பு வாவியின் இரு பக்கத்திலிருந்தும் மீன்தொட்டிக் கேள்விகள் சேர்ந்துவிட்டன. கூடுதலானோர் கேட்பது ஒன்றையே: செலவைக் குறைத்து எப்படி வைப்பது? ஆகவே இந்த முறை முழுப் பக்கமும் மீனுக்கு.

கையில் காசு குறைவு. வீட்டில் ஒரு மீன்தொட்டி வைக்க ஆசை. எதிலிருந்து தொடங்க?
– ஆசிரியை, கல்லடி

தண்ணீரிலிருந்து, ரீச்சர். கடைக்குப் போக முன்னர் கேத்தலைத் திறந்து அடியைப் பாருங்கள். வெள்ளையாகக் கட்டிப் படிந்திருந்தால் உங்கள் கிணறு கடினநீர்க் கிணறு. சவர்க்காரம் நுரைக்க மறுத்தாலும் அதே செய்திதான். கடலுக்கும் வாவிக்கும் நடுவில் கிடக்கும் மணல் நிலத்தில், உவர்நீருக்கு மேல் தேங்கி நிற்கும் மழைநீர்ப் படைதான் கிணறுகளுக்கு ஊற்று. அதனால் வளவுக்கு வளவு தண்ணீர் மாறும். பக்கத்து வீட்டில் பிழைத்த மீன் உங்கள் வீட்டில் பிழைக்கும் என்று சொல்ல முடியாது.

கடினநீர் கப்பிக்கும், மொலிக்கும், பிளாட்டிக்கும், சோர்ட்டெயிலுக்கும் மிகவும் பிடித்தமானது. நாக்கில் கொஞ்சம் உவர்ப்புத் தட்டினாலும் மொலி சந்தோஷமாக இருக்கும். நியோன் டெட்ராவும் டிஸ்கஸும் அமேசன் பக்கத்து மென்மையான நீரின் பிள்ளைகள். அவற்றை வாங்கினால் கிழமைக்குக் கிழமை தண்ணீரோடு மல்லுக்கட்ட வேண்டும். மருந்துக்கும் வடிகட்டிக்கும் காசு போய்க்கொண்டே இருக்கும். மீனுக்காகத் தண்ணீரை மாற்றப் புறப்படுகிறவருக்குத்தான் இது பணக்காரப் பொழுதுபோக்கு. தண்ணீருக்கேற்ற மீனை எடுப்பவருக்குச் செலவில் பாதி அங்கேயே மிச்சம்.

எங்களுக்குக் குழாய்த் தண்ணீர். ஊற்றிய அன்றைக்கே மீன் மிதந்துவிட்டது. தண்ணீரில் பிழையா?
– முச்சக்கர வண்டிச் சாரதி, மட்டக்களப்பு நகரம்

பிழை இல்லை. உன்னிச்சைக் குளத்துத் தண்ணீரை வவுணதீவில் சுத்திகரித்து அனுப்புகிறார்கள். அதில் குளோரீன் இருக்கிறது. நம் வயிற்றுக்காக இருக்கத்தான் வேண்டும். ஆனால் அது மீனின் செவுளை எரித்துவிடும். வாயகன்ற பாத்திரத்தில் பிடித்து, நுளம்பு முட்டையிடாதபடி மெல்லிய துணியால் மூடி, ஒரு நாள் முழுக்க வைத்துவிட்டு ஊற்றுங்கள். அவசரமென்றால் கடைகளில் ‘அன்டி குளோரின்’ என்று தரும் படிகம் இருக்கிறது. சோடியம் தயோசல்பேற்றுத்தான் அது. சில மணிகளே ஒரு வாளிக்குப் போதும்.

கிணறு வைத்திருப்பவர்களுக்கும் ஒரு சொல். மாரி வெள்ளம் வடிந்த பிறகு சுகாதாரப் பகுதியினர் வந்து கிணற்றுக்குக் குளோரீன் தூள் போடுவார்கள். அந்த மணம் முற்றாகப் போகும்வரை அந்தத் தண்ணீர் தொட்டிக்கு ஆகாது.

தொட்டி வாங்கித் தண்ணீர் விட்டு அடுத்த நாளே பன்னிரண்டு மீன் விட்டோம். முதல் கிழமை நல்லா நீந்தின. இரண்டாம் கிழமை ஒவ்வொன்றாகச் செத்துப்போயின. மாமி கண்ணூறு என்கிறார்.
– குடும்பத் தலைவி, ஆரையம்பதி

மாமியிடம் சொல்லுங்கள், அது அமோனியா.

மீன் சுவாசிக்கும்போதே செவுள் வழியாக அமோனியாவை வெளியே விடுகிறது. மிஞ்சிக் கிடக்கும் சாப்பாடும் கழிவும் அழுகி இன்னும் கூட்டுகின்றன. குளத்திலும் ஆற்றிலும் அதைத் தின்ன பக்டீரியாக்கள் காத்திருக்கின்றன. ஒரு கூட்டம் அமோனியாவை நைத்திரைற்று ஆக்கும். அதுவும் நஞ்சுதான். இன்னொரு கூட்டம் அதை, பெரிதாகத் தீங்கு செய்யாத நைத்திரேற்று ஆக்கும். உங்கள் புதுத் தொட்டியில் இந்த இரண்டு கூட்டமும் இல்லை. அவை ஸ்பொஞ்சிலும் மணலிலும் குடியேற நாலு முதல் ஆறு கிழமை எடுக்கும். காரத்தன்மை கூடிய தண்ணீரிலும், நமது ஊர் வெப்பத்திலும் அமோனியாவின் நஞ்சு இன்னும் கடுமை. உங்கள் பன்னிரண்டும் அந்த இடைவெளியில் அகப்பட்டவை.

இதற்கான வைத்தியம் காத்திருப்பு. காசும் தேவையில்லை. தொட்டியை நிரப்புங்கள், பம்பை ஓடவிடுங்கள், பாசி நடுங்கள். மீன் இல்லாமலே தினமும் ஒரு சிட்டிகை மீனுணவு போட்டு அழுகவிடுங்கள். இடையில் தண்ணீர் வெண்மையாகக் கலங்கும். பயந்து கொட்டாதீர்கள், தானாகத் தெளியும். அயலில் யாரிடமாவது நாள்பட்ட, நோயில்லாத தொட்டி இருந்தால் அந்த ஸ்பொஞ்சின் அழுக்கை ஒரு போத்தலில் வாங்கி வந்து உங்கள் தொட்டியில் ஊற்றுங்கள். கடையில் விற்கும் பக்டீரியாப் போத்தலைவிட நான் அந்த அழுக்கையே நம்புவேன். பிறகு நாலு கப்பி விடுங்கள். அவை இரண்டு கிழமை தெம்பாக இருந்தால் இன்னும் நாலு.

இன்னொன்று, ஸ்பொஞ்சைக் குழாயடியில் கழுவ வேண்டாம். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழிந்து போடுங்கள். குழாய்த் தண்ணீர் பட்டால் குளோரீனில் அந்தக் கூட்டம் செத்து, நீங்கள் மறுகா முதல் கிழமைக்கே போய்விடுவீர்கள்.

என்ன அளவில் தொட்டி செய்ய? சின்னது மலிவாகக் கிடைக்கிறதே?
– தச்சுத் தொழிலாளி, களுவாஞ்சிக்குடி

சின்னது வாங்கும்போது மட்டும்தான் மலிவு. பத்து லீற்றரில் ஒரு மீன் செத்து இரவு முழுக்கக் கிடந்தால் காலையில் மற்றதும் மிதக்கும். ஐம்பது லீற்றரில் உங்களுக்கு யோசிக்க நேரம் கிடைக்கும். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் என்று செய்யுங்கள். ஒரு கன அடிக்கு 28.3 லீற்றர் கணக்கில் 56.6 லீற்றர் கொள்ளும். மணலையும் மேலே விடும் இடைவெளியையும் கழித்தால் 45 முதல் 50 வரை தேறும். 5 மில்லிமீற்றர் கண்ணாடி போதும். ஒட்டுவதற்கு வினாகிரி மணம் அடிக்கும் சாதாரண சிலிக்கன் வாங்குங்கள். குளியலறைக்கென்று பூஞ்சணம் பிடிக்காத மருந்து சேர்த்து வரும் சிலிக்கன் மீனுக்கு நஞ்சு. ஒட்டி ஒரு கிழமை விட்டு, மணம் போன பின் தண்ணீர் விடுங்கள்.

உயரமான, ஒடுங்கிய தொட்டி அழகுதான். ஆனால் ஒக்சிசன் புகுவது மேற்பரப்பு வழியாக. ஆகவே பரந்த தொட்டியில் மீனுக்கு மூச்சு லேசு.

நீங்கள் தச்சர், தாங்கியை நீங்களே செய்வீர்கள். தண்ணீர், கண்ணாடி, மணல் எல்லாம் சேர்ந்து 65 கிலோவுக்குக் குறையாது. தொலைக்காட்சி வைத்த பழைய மேசை தாங்காது. தொட்டிக்கும் பலகைக்கும் நடுவில் அரை அங்குல ரெஜிபோம் தகடு ஒன்று வையுங்கள்; பலகையின் மேடு பள்ளத்தால் கண்ணாடி வெடிப்பதை அது தடுக்கும்.

வெளிநாடு போகிறவர்கள் பழைய தொட்டி விற்கிறார்கள். வாங்கலாமா?
– வங்கி ஊழியர், செங்கலடி

தாராளமாக. நிரப்பி, சமதரையில் கடதாசி விரித்து, இரண்டு நாள் வையுங்கள். கடதாசி நனையாவிட்டால் காசைக் கொடுங்கள். பழைய மணலையும் ஸ்பொஞ்சையும் எறிந்துவிட வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவையுங்கள். கண்ணாடியைவிடப் பெறுமதி அவற்றில் குடியிருக்கும் பக்டீரியாவுக்குத்தான். மருந்து ஊற்றிய தொட்டி, நோய் வந்த தொட்டி என்றால் மட்டும் அவை வேண்டாம்.

கண்ணாடித் தொட்டிக்கே வசதியில்லை. வேறு வழி?
– உயர்தர வகுப்பு மாணவன், வாழைச்சேனை

தம்பி, உங்கள் ஊரில் மீன்பிடித் துறைமுகம் இருக்கிறது. ஐஸ் போட்டு மீன் அனுப்பும் பெரிய ரெஜிபோம் பெட்டி, விளிம்பு உடைந்தது என்று ஓரமாகக் கிடக்கும். கேட்டு வாங்கி, உப்பும் கொதிநீரும் போட்டுப் பலமுறை கழுவி, வெயிலில் காயவையுங்கள். மணம் போனபின் உள்ளே தடித்த பொலித்தீன் விரித்துத் தண்ணீர் விடுங்கள். பக்கவாட்டில் பார்க்க முடியாது. ஆனால் கப்பியின் வால் மேலிருந்து பார்க்கவும் அழகு. பகல் வெயில் உள்ளே ஏறாது என்பதால் கண்ணாடித் தொட்டியைவிட வெப்பம் ஒரே சீராக இருக்கும். நல்ல கப்பி வளர்ப்பாளர்கள் பலர் இப்படிப் பெட்டிகளில்தான் குஞ்சு போடவைக்கிறார்கள்.

சீமெந்துத் தொட்டி கட்டுவதானால் ஒரு கவனம். புதுச் சீமெந்திலிருந்து சுண்ணாம்பு கசிந்து மீனைக் கொல்லும். தண்ணீர் நிரப்பி, வாழைத்தண்டை வெட்டிப் போட்டு ஊறவிட்டு, கொட்டி, மீண்டும் நிரப்பி, இரண்டு மூன்று கிழமை இதையே செய்யுங்கள்.

கரண்ட் பில் எவ்வளவு கூடும்?
– ஓய்வுபெற்ற தபாலதிபர், காத்தான்குடி

5 வோட் காற்றுப் பம்ப் இரவு பகலாக ஓடினால் மாதம் 3.6 அலகு. 10 வோட் எல்.ஈ.டி. விளக்கு நாளுக்கு எட்டு மணிநேரம் எரிந்தால் 2.4 அலகு. ஆக மொத்தம் 6 அலகு. உங்கள் பாவனை 60 அல்லது 90 அலகின் விளிம்பில் நிற்கிறதென்றால் இந்த ஆறு உங்களை அடுத்த கட்டணப் படிக்குத் தள்ளிவிடும். அப்படியானால் விளக்கைக் குறையுங்கள், பம்பில் கை வைக்காதீர்கள். சூடாக்கி வேண்டவே வேண்டாம். நம் ஊரில் அது வெறும் அலங்காரம்.

மின்சாரம் நிற்கும்போது பம்பின் குழாய் வழியாகத் தொட்டித் தண்ணீர் பின்னோக்கி இறங்கிப் பம்பை நனைத்துவிடும். பம்பை நீர்மட்டத்துக்கு மேலே ஓர் ஆணியில் தொங்கவிடுங்கள், அந்த ஆபத்து இல்லை. 2022இல் நாளுக்கு 13 மணிநேரம் வரை இருட்டில் இருந்தோமே, அப்போது தப்பியவை மீன் குறைவாகவும் பாசி கூடவும் இருந்த தொட்டிகள். நெருக்கி அடைத்தவற்றில் ஒரு கோப்பையால் தண்ணீரை அள்ளி அள்ளி ஊற்ற வேண்டியிருந்தது. தொடர்ந்து மின்வெட்டு இருக்கும் இடமென்றால் பவர்பாங்கில் ஓடும் சின்னப் பம்ப் ஒன்றை வாங்கி வையுங்கள், தொட்டிக்குள் அழகுக்கு வைக்கும் பிளாஸ்டிக் கோட்டைக்குக் கொடுக்கும் காசில் அதை எடுக்கலாம்.

கடற்கரை மணல் சும்மா கிடைக்கிறது. பாசிக்குடாவில் பொறுக்கிய முருகைக்கல்லும் இருக்கிறது. போடலாமா?
– மாணவி, கல்குடா

வேண்டாம், மகள். கடல் மணலில் உப்பும் சிப்பித் துகளும் கலந்திருக்கும். முருகைக்கல் முழுக்கக் கல்சியம். ஏற்கனவே கடினமான தண்ணீரை இன்னும் கடினமாக்கும். அதோடு முருகைக்கல்லைக் கரையிலிருந்து எடுப்பது பாசிக்குடாவுக்கே நல்லதல்ல, அது அங்கேயே கிடக்கட்டும். கட்டட வேலைக்கு வரும் ஆற்று மணலில் மிஞ்சியதை அரித்து, சிறு கல்லாகத் தேர்ந்து, தண்ணீர் தெளியும்வரை கழுவுங்கள். சந்தேகமான கல்லில் தேசிக்காய் பிழிந்து பாருங்கள். நுரைத்தால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது. வாதுமை மரத்தின் காய்ந்த இலை கிடைத்தால் ஒன்றிரண்டு போடலாம். சிங்களத்தில் கொட்டம்பா என்பார்களே, அந்த மரம். தண்ணீர் தேயிலைச் சாயம் கட்டும். ஃபைட்டர் மீனுக்கு அது மிகவும் ஒத்துவரும்.

கோல்ட்பிஷ்தான் பிள்ளைகள் கேட்கிறார்கள்.
– தந்தை, ஏறாவூர்

பிள்ளைகளின் ஆசை புரிகிறது, ஆனால் கோல்ட்பிஷ் குளிர்நாட்டு மீன். கெண்டை இனம், சாணளவு வளரும், நிறையத் தின்னும், நிறையக் கழிக்கும். 30 பாகை நீரில் ஒக்சிசன் குறைவு, அதன் தேவையோ கூட. இரண்டடித் தொட்டியில் அது மெல்ல மெல்லச் சாவதைப் பிள்ளைகள் பார்க்க வேண்டாம். செம்மஞ்சள் நிறப் பிளாட்டி வாங்கிக் கொடுங்கள். நிறமும் கிடைக்கும், ஒரு மாதத்தில் குஞ்சும் கிடைக்கும்.

அரோவானா வைத்தால் வீட்டுக்கு அதிர்ஷ்டம் என்கிறார்களே?
– வர்த்தகர், கல்முனை

விற்பவருக்கு. ஆசிய அரோவானா அருகிவரும் இனம், சர்வதேச வர்த்தகத்தில் கடும் கட்டுப்பாடு உள்ளது. அதற்கு அறையளவு தொட்டி வேண்டும்.

கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் தொட்டித் தண்ணீர் கொதிக்கிறது. மீன் மேலே வந்து வாய் பிளக்கிறது.
– விவசாயி, கொக்கட்டிச்சோலை

உங்கள் பக்கம் கச்சானின் சூடு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 25 பாகையில் ஒரு லீற்றர் நீர் 8.2 மில்லிகிராம் ஒக்சிசன் பிடிக்கும். 30 பாகையில் 7.5 மட்டுமே. அதே சமயம் சூட்டில் மீனின் உடல் வேகமாக இயங்கி ஒக்சிசன் கூடக் கேட்கும். வாய் பிளப்பது அதனால்தான்.

மூடியை எடுத்துவிட்டு வலை போடுங்கள். மேசை விசிறி ஒன்றை நீரின் மேற்பரப்பில் படும்படி வையுங்கள். ஆவியாதலால் இரண்டு மூன்று பாகை இறங்கும். பம்பைக் கூட்டுங்கள், சாப்பாட்டைப் பாதியாக்குங்கள், தொட்டியைச் சுவரோரம் நிழலுக்கு நகர்த்துங்கள். ஐஸ்கட்டி போடுவதை மட்டும் செய்யாதீர்கள்; திடீர்க் குளிர் சூட்டைவிடக் கெடுதி. ஆவியாகப் போவது வெறும் நீர், கல்சியமும் உப்பும் தொட்டியிலேயே தங்கும். ஆகவே குறைந்ததை நிரப்பிக்கொண்டிருந்தால் போதாது. கிழமைக்கு ஒருமுறை கால்வாசியை எடுத்துவிட்டுப் புதுத் தண்ணீர் விட வேண்டும். எடுத்த தண்ணீர் மிளகாய்க் கன்றுக்குப் போகட்டும், அதில் நைத்திரேற்று இருக்கிறது. பசளை வாங்கும் காசு கொஞ்சம் மிஞ்சும்.

வாவியில் தூண்டில் போடும்போது மஞ்சள் நிறத்தில், விலாவில் கறுப்புப் பொட்டுள்ள சின்ன மீன் வருகிறது. தொட்டியில் கப்பியோடு விடலாமா?
– மீனவர், வவுணதீவு

அண்ணன், நீங்கள் சொல்லும் அடையாளத்துக்கு அது சூடெட்ரோப்ளஸ் மகுலேட்டஸ்; முன்பு எட்ரோப்ளஸ் மகுலேட்டஸ் என்றார்கள். வெளிநாட்டுத் தொட்டிக்காரர்கள் ஆரஞ்சு குரோமைட் என்று காசு கொடுத்து வாங்குவது அதைத்தான். தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் மட்டும் உரிய மீன். மூன்றங்குலத்துக்குச் சற்று மேல் வளரும். அதன் பெரிய சகோதர இனமான பச்சை எட்ரோப்ளஸின் உடலில் ஒட்டும் ஒட்டுண்ணிகளைப் பொறுக்கித் தின்று சுத்தம் செய்வதும் இதுவே. தாயும் தகப்பனும் சேர்ந்து முட்டையைக் காக்கும். குஞ்சுகள் பெற்றோரின் தோலில் ஊறும் சளியைக் கொத்தித் தின்று வளரும். இப்படிப்பட்ட குடும்பம் நம் வாவிக்குள் இருப்பதைப் பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல மீன் எனக்குத் தெரியாது.

ஆனால் இரண்டு விடயம். வாவி நீர் நன்னீர் அல்ல. முகத்துவாரத்துப் பக்கம் கடலுக்கு அருகான உப்பு. தெற்கே போகப் போகக் குறையும். கார்த்திகை, மார்கழி வெள்ளத்தில் எல்லாமே மாறும். பிடித்த இடத்துத் தண்ணீரிலேயே கொண்டுவந்து, சில நாட்களாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிணற்று நீர் சேர்த்துப் பழக்குங்கள். கல்லுப்பு சற்றுச் சேர்ந்த, கடினமான நீர் அதற்கு நல்லது. இரண்டாவது, கப்பிக் குஞ்சு அதன் வாய்க்குள் போய்விடும். தனித் தொட்டியில் ஐந்தாறாக வையுங்கள். சோடி சேர்ந்து முட்டையிடும்போது பார்த்து எழுதுங்கள்.

பாடும் மீனை வீட்டில் வளர்க்க முடியுமா?
– எட்டாம் வகுப்பு மாணவி, நாவற்குடா

கேட்டாயே, நல்ல கேள்வி. 1848இல் இங்கே வந்த எமர்சன் டெனன்ட் என்ற பிரித்தானிய அதிகாரி இரவில் வாவியில் படகில் போய் நீருக்குள்ளிருந்து வரும் அந்தப் பாட்டோசையைக் கேட்டு, தன் இலங்கை நூலில் எழுதிவைத்தார். அது மீனின் சத்தம் இல்லை, ஊரியின் சத்தம் என்று மீனவர்கள் அவருக்குச் சொன்னார்கள். கல்லடிப் பாலத்தடியில் நிலவு நாளில் கேட்டவர்கள் நம்மிடையே நிறையப் பேர். எந்த உயிர் பாடுகிறது என்பது இன்னும் முடிவாகவில்லை. பிடிபடாத ஒன்றைத் தொட்டியில் விட முடியாது, மகள். நீ விலங்கியல் படித்து, நீருக்குள் ஒலிவாங்கி இறக்கி, அதைக் கண்டுபிடி. நான் மெய்யாகவே சொல்கிறேன், அந்த வேலை ஓர் ஆளுக்காகக் காத்திருக்கிறது.

பாசி எங்கே எடுப்பது? ஆற்றுவாழை போடலாமா?
– தாதி, மட்டக்களப்பு

ஹைட்ரில்லா குளத்தில் தாராளமாகக் கிடைக்கும். கொண்டுவந்து, மெல்லிய இளஞ்சிவப்பு நிறத்தில் கரைத்த கொண்டிஸ் தண்ணீரில் பத்து நிமிடம் அமிழ்த்தி, நன்றாக அலசி நடுங்கள். இல்லாவிட்டால் தும்பியின் குடம்பி பாசியோடு வந்து கப்பிக் குஞ்சுகளை ஒவ்வொன்றாகப் பிடித்துவிடும். காசு கொடுத்து வாங்குவதென்றால் கிரிப்டோகோரைன் வாங்குங்கள். உலகம் முழுக்கத் தொட்டிகளில் நிற்கும் வென்டி, பெக்கெட்டி, வாக்கரி வகைகள் நம் நாட்டின் ஈரவலய ஓடைகளுக்கே உரியவை. வெளிச்சம் குறைவாகப் போதும், மெதுவாக வளரும், வெட்டிக்கொண்டிருக்க வேண்டாம். நாற்றுப் பண்ணையில் வளர்த்ததா என்று கேட்டு வாங்குங்கள்.

ஆற்றுவாழையும் சல்வீனியாவும் வேண்டாம். அழகுக்காகக் கொண்டுவந்த ஆற்றுவாழையைத் தடுக்க 1909இலேயே சட்டம் போட வேண்டி வந்தது. சல்வீனியா 1939இல் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரியின் தாவரவியல் பகுதிக்குப் படிப்புக்காக வந்தது. பிறகு வயலிலும் குளத்திலும் பரவியதை உங்கள் தகப்பனாரிடம் கேளுங்கள்.

பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து தொட்டியைப் பார்த்து முகம் சுளித்தார். டெங்கு வருமா?
– கடை உரிமையாளர், ஓட்டமாவடி

மீன் இருக்கும் தொட்டியில் வராது. ஒரு கப்பி கண்ணில் படும் கூத்தன்புழுவை மிஞ்சவிடாது. அவர் பார்க்க வேண்டியதும் நீங்கள் பார்க்க வேண்டியதும் தொட்டிக்கு வெளியே: ஆறவைத்த தண்ணீர் வாளி, நோய் மீனைப் பிரித்து வைத்துப் பின் மறந்த யாடி, மழையில் நனையும் வெற்றுத் தொட்டி. முட்டையிலிருந்து நுளம்பாகப் பறக்க ஒரு கிழமையளவு போதும். வாளியைத் துணியால் மூடுங்கள், வெற்றுத் தொட்டியைக் கவிழ்த்து வையுங்கள். அடுத்த முறை அவருக்கு நீங்களே கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

மீனின் உடம்பில் ரவை தூவியது மாதிரி வெள்ளைப் புள்ளி. கடையில் மூன்று மருந்து தந்தார்கள்.
– கணினித் திருத்துநர், மட்டக்களப்பு

மூன்றையும் அலுமாரியில் வையுங்கள். முதலில் கல்லுப்பு. லீற்றருக்கு 2 கிராம். 50 லீற்றருக்கு 100 கிராம். மூன்று பங்காக்கி, கரைத்து, ஒரு நாளுக்குள் விட்டுவிட்டு ஊற்றுங்கள். புள்ளிக்குள் இருக்கும் ஒட்டுண்ணியை உப்பு தொடாது. அது தோலைவிட்டு விழுந்து, பெருகி, நீரில் நீந்தும் பருவத்தில்தான் சாகும். நம் வெப்பத்தில் அந்தச் சுற்று சில நாட்களில் முடியும். ஆகவே புள்ளி மறைந்தவுடன் நிறுத்தாமல் பத்து நாளாவது உப்பை வைத்திருங்கள். கப்பி, மொலி, பிளாட்டி இதைத் தாங்கும். பாசி சிலது கருகும். கடையில் தந்தவற்றில் நீல மருந்து இருந்தால், அதைத் தொட்டிக்குள் ஊற்றினால் நல்ல பக்டீரியாவும் போய்விடும். அதைத் தனி வாளியில் மட்டும் பாவியுங்கள்.

இந்த நோய் பெரும்பாலும் புது மீனோடு வருகிறது. வாங்கி வந்ததும் பையை 20 நிமிடம் மிதக்கவிட்டு, தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, மீனை வலையால் எடுத்து விடுங்கள். பைத் தண்ணீர் தொட்டிக்குள் போகக்கூடாது. முடிந்தால் இரண்டு கிழமை தனி வாளியில் வைத்திருந்து பிறகு சேருங்கள்.

நாலு கப்பி வாங்கினேன், இப்போது எண்ண முடியவில்லை. இதில் வருமானம் பார்க்கலாமா?
– சுயதொழில் செய்பவர், கிரான்

கப்பிப் பெண் மீன் நாலு கிழமைக்கு ஒருமுறை குஞ்சு போடும். ஒருமுறை ஆணோடு சேர்ந்தால் அந்த விந்தைச் சேமித்து வைத்துப் பல மாதம் ஈனும், ஆணைப் பிரித்தாலும் நிற்காது. இலங்கையின் நன்னீர் அலங்கார மீன் ஏற்றுமதியில் முன்னிற்பதும் கப்பிதான். ஆகவே சந்தை இருக்கிறது.

ஆனால் ஏற்றுமதியாளர் கேட்பது கலப்புக் கப்பி அல்ல. ஒரே நிறம், ஒரே வால், ஒரே அளவில் நூற்றுக்கணக்கில் ஆண் மீன்கள். அதற்கு ஒரு வகையை மட்டும் எடுத்து, தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து, மற்றதைப் பிரித்துவிட வேண்டும். ஏற்றுமதிக்கு மீன் போகும் கட்டுநாயக்க விமான நிலையமோ இங்கிருந்து வெகுதூரம். ஆகவே முதலில் உள்ளூர்க் கடைக்கு, பள்ளிக்கூடங்களுக்கு, அயலவருக்கு விற்றுப் பழகுங்கள். தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபை, சுருக்கமாக நெக்டா, 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் உருவானது. அலங்கார மீனுக்கென்று ரம்பொடகல்லயில் நிலையம் நடத்துகிறது. தாய் மீன் வாங்கவும் கேள்வி கேட்கவும் அவர்களை அணுகுங்கள். வீட்டுப் பெண்கள் நாலைந்து பேர் சேர்ந்து, ஆளுக்கொரு வகை என்று பிரித்துச் செய்தால் வகை கலக்காது, கடைக்காரருக்கும் ஒரே இடத்தில் நாலு வகை கிடைக்கும்.

டேங்க் கிளீனர் என்று வாங்கிய மீன் ஒரு முழம் வளர்ந்துவிட்டது. உன்னிச்சைக் குளத்தில் விட்டுவிட நினைக்கிறோம். பாவம் அது.
– இளம் தம்பதி, கரடியனாறு

உங்கள் இரக்கம் நல்லது, தயவுசெய்து அதைக் குளத்தின் மேலும் வையுங்கள். இந்தத் தென்னமெரிக்க மீனுக்கு உடம்பு முழுக்கக் கவசம், செட்டையில் முள். நம் நீர்நிலைகளில் இதைப் பிடித்துத் தின்னும் மீன் அரிது. முட்டையிட கரையில் பொந்து தோண்டும். குளக்கட்டு என்றால் அது உங்கள் வயலின் உயிர். வலையில் மாட்டினால் வலையைக் கிழிக்கும், மீனவருக்குக் காசும் வராது. இலங்கையின் பல நீர்நிலைகளில் இது ஏற்கனவே பரவிவிட்டது. தொடக்கம் எல்லாம் இப்படி யாரோ இரக்கப்பட்டு விட்ட மீன்கள்தான்.

திலாப்பியாவும் வெளியிலிருந்து வந்ததுதானே என்று கேட்பீர்கள். 1952இல் அரசாங்கம் உணவுக்காக யோசித்துக் கொண்டுவந்தது. இன்று குளத்து மீனவரின் சோறு அதில். டேங்க் கிளீனரை இங்கே யாரும் தின்பதில்லை. வாங்கிய கடையில் திருப்பிக் கொடுங்கள், அல்லது பெரிய தொட்டி உள்ளவரிடம் கொடுங்கள். கப்பியாக இருந்தாலும் வாய்க்காலில் கொட்ட வேண்டாம். வயல் வாய்க்காலில் தலையில் வெள்ளைப் புள்ளி மின்னும் சின்ன நாட்டு மீன் ஒன்று நுளம்புப் புழுவை ஏற்கனவே தின்றுகொண்டுதான் இருக்கிறது, அதன் இடத்தைக் கப்பி பிடிக்கத் தேவையில்லை.

டேங்க் கிளீனருக்குப் பதிலாக, கண்ணாடியில் படியும் பச்சையைத் துடைக்கப் பழைய பிளாஸ்டிக் அட்டை ஒன்று போதும்.

கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகிறோம். வீட்டில் யாருமில்லை. மீனுக்குச் சாப்பாடு?
– முருகன் அடியார், வெல்லாவெளி

வளர்ந்த, தெம்பான மீன்கள் ஒரு கிழமை, பத்து நாள் பட்டினி கிடந்தாலும் ஒன்றும் ஆகாது. பாசியைக் கொறித்துக்கொண்டு இருக்கும். புறப்பட முதல் நாள் கால்வாசித் தண்ணீர் மாற்றுங்கள், விளக்கை அணைத்துவிடுங்கள், பம்ப் ஓடட்டும். அதற்கு மேல் நாள் எடுக்குமென்றால் அயல்வீட்டுப் பிள்ளையிடம் திறப்பைக் கொடுங்கள். மூன்று நாளுக்கு ஒரு பொட்டலம் வீதம், ஒரு சிட்டிகை உணவைக் கடதாசியில் மடித்துத் திகதி எழுதி மேசையில் வையுங்கள். உணவு டின்னை மட்டும் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் போங்கள். பிள்ளைகள் மீனில் அன்பு வைத்துவிட்டால் டின் காலியாகிவிடும், தண்ணீரும் கெட்டுவிடும்.